இலவசப் புத்தகம் தருகிறோம் என்று மண்டபத்துக்கு அழைத்தால்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிய திருமண மண்டபங்களை வாடகைக்கு எடுத்து, பணக்காரர் ஆவது எப்படி என்று கூட்டம் நடத்துகிறார்கள். அனுமதி இலவசம், வருகிறவர்களுக்கு ஒரு புத்தகமும் இலவசம் என்று துண்டுச்சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். மெட்ரோ நிலைய வாசலிலும் கல்லூரி வாசலிலும் அதைக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் அந்தப் புத்தகம் வந்தது, அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. மொத்தம் 62,500 ரூபாய்.

என் தம்பிக்கு 23 வயது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி எண்களைப் பதிவு செய்யும் வேலை, சம்பளம் 17,000. இலவசப் புத்தகத்தோடு வந்தவன், அடுத்த கூட்டத்தில் ஐந்து புத்தகங்கள் அடங்கிய தொகுப்பை 4,500 ரூபாய்க்கு வாங்கினான். அந்தப் புத்தகங்களைப் படித்தால் மட்டும் போதாது, செயல்படுத்தத் தெரிய வேண்டும் என்று ஒரு நாள் பயிற்சிக்கு 8,000 வாங்கினார்கள். பயிற்சியின் முடிவில், வழிகாட்டி இல்லாமல் யாரும் ஜெயித்ததில்லை என்று சொல்லி, உறுப்பினர் கட்டணமாக 50,000 கட்ட வைத்தார்கள். அதற்குத்தான் சங்கிலி. அம்மாவிடம் என்ன சொல்லி வாங்கினான் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

"அக்கா, அவர்கள் காசு கேட்கவே இல்லை. நானாகத்தான் கட்டினேன்" என்று அவன் சொன்னான். அது அவன் மனதார நம்பிச் சொன்ன வார்த்தை. அப்படி நம்ப வைப்பதுதான் அவர்கள் தொழில் என்பது, அவனுக்குப் பின்னால் நானும் ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்தபோது விளங்கியது. மேடையில் பேசுகிறவர் யாரிடமும் பணம் கட்டச் சொல்வதில்லை. பத்து வருடம் கழித்து எப்படி இருக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொல்கிறார். எழுதியதை எழுந்து நின்று உரக்க வாசிக்கச் சொல்கிறார். சந்தேகம் கேட்ட ஒரு பையனைப் பார்த்து, "தம்பி, இந்தக் கேள்விதான் உங்களை ஏழையாக வைத்திருக்கிறது" என்றார். மண்டபமே கைதட்டியது. அதற்குப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டும்: "இங்கே எடுக்கும் முடிவை வீட்டில் சொல்லாதீர்கள். அவர்கள் பாசத்தால் உங்களைப் பின்னுக்கு இழுப்பார்கள்." வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று சொல்லி எவன் பணம் வாங்கினாலும், அவன் விற்கும் பொருள் எதுவாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

நான் ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதுகிறவள். அந்த ஐந்து புத்தகங்களையும் ஒரு வரி விடாமல் படித்தேன். பெரிய எழுத்து, அகலமான ஓரம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் வெற்றுப் பக்கங்கள். பிரதிக்குக் காகிதமும் அச்சும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகாது. பதிப்பாளர் முகவரி இல்லை, நூலுக்கு நூல் தரப்படும் ஐ.எஸ்.பி.என். அடையாள எண்ணும் இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கேட்டேன், இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஐ.எஸ்.பி.என். எண் இருப்பதால் மட்டும் ஒரு நூல் நல்ல நூலாகிவிடாது. ஆனால் ஊர் பேர் சொல்லாமல் அச்சிட்ட ஒன்றுக்கு நாளை யார் பொறுப்பேற்பார்கள்?

உள்ளே இருப்பவை பெரும்பாலும் வேறு புத்தகங்களிலிருந்து எடுத்த கதைகள். எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1908இல் நெப்போலியன் ஹில் என்ற இளைஞரை அழைத்து, வெற்றியாளர்களின் ரகசியத்தை ஆராயச் சொன்னார் என்ற கதை இரண்டு புத்தகங்களில் வருகிறது. அது ஹில் எழுதி 1937இல் வெளிவந்து, இன்றுவரை உலகமெங்கும் விற்கும் ‘திங்க் அண்ட் குரோ ரிச்’ நூலின் அடிப்படைக் கதை. அந்நூல் வெளிவருவதற்கு 18 வருடம் முன்பே, 1919இல், கார்னகி இறந்துவிட்டார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதிய டேவிட் நசா, இருவரும் சந்தித்ததற்கு எந்த ஆதாரமும் தமக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சந்திப்புக்கு ஹில்லின் வாய்ச்சொல்தான் சாட்சி. அந்நூலைப் படித்து ஊக்கம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் ஊக்கம் பெறுவதற்கும், அந்தக் கதையை நம்பி இன்னொருவர் 50,000 ரூபாய் கட்டுவதற்கும் இடையில் ஒரு விசாரணை இருக்க வேண்டும்.

செல்வம் பற்றிய புத்தகம் எதை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதை எழுதியவருக்கு இந்தப் புத்தகத்துக்கு முன்னால் பணம் எங்கிருந்து வந்தது? கடை நடத்தினாரா, ஆலை வைத்தாரா, பங்குகளை வாங்கி நீண்டகாலம் வைத்திருந்தாரா, அல்லது பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துத்தான் பணக்காரர் ஆனாரா? ராபர்ட் கியோசாகியின் ‘ரிச் டாட் புவர் டாட்’ 1997இல் வந்தது. சொத்துக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி சொன்ன நூல் என்று பலர் அதைப் போற்றுகிறார்கள். அவருடைய நிறுவனங்களில் ஒன்று 2012இல் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. அதற்கு முன்னால் சுமார் 2.4 கோடி டாலர் தரும்படி அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்திருந்தது. வழக்குத் தொடுத்தது அவருடைய கருத்தரங்குகளோடு தொடர்புடைய நிறுவனம், கேட்டது லாபத்தில் பங்கு. அவ்வளவு பெரிய தொகை புத்தகத்தைச் சுற்றி நடக்கும் வகுப்புகளில் புரள்கிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, இந்த வகைப் புத்தகத்தைக் கடைசி அத்தியாயத்திலிருந்து புரட்டுங்கள். அது உங்களை எங்கே அனுப்புகிறது என்று பாருங்கள். செலவுக் கணக்கு எழுது, கடனை அடை, அவசரத்துக்குச் சேமி, காப்பீடு எடு என்று உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பினால் அதில் ஏதோ சரக்கு இருக்கிறது. தொலைபேசி எண்ணுக்கும் அடுத்த கட்டப் பயிற்சிக்கும் அனுப்பினால், நீங்கள் விலை கொடுத்து வாங்கியது ஒரு விளம்பரம்.

தம்பியின் நான்காவது புத்தகத்தில், அறிவுள்ளவன் பணத்தை மாதம் 10 சதவீதம் வளர்ப்பான் என்று எழுதியிருந்தது. கூட்டு வட்டியில் கணக்குப் போட்டேன். 60,000 ரூபாய் ஒரே வருடத்தில் ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்தைத் தாண்டுகிறது. ஐந்து வருடத்தில் 1 கோடியே 82 லட்சம். வங்கி வைப்புத்தொகை 7 சதவீத வட்டியில் இரட்டிப்பாகவே பத்து வருடம் ஆகும். மாதம் 10 சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு, வண்ணாரப்பேட்டை மண்டபத்தில் நின்று 17,000 சம்பளக்காரனிடம் வாங்கும் 50,000 எதற்கு?

அந்த 50,000 ரூபாய்க்கு அவனுக்குக் கிடைத்தது ஒரு வாட்ஸ்அப் குழு, காலையில் வரும் குரல் செய்திகள், பங்குச்சந்தையில் தினமும் சம்பாதிக்கலாம் என்று சொல்லும் சில காணொளிகள். அவை சொல்லித்தருவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும், பங்கு விலையின் ஏற்ற இறக்கத்தின் மீது ஒப்பந்தம் போடும் வணிகத்தை. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஐந்து புத்தகங்களில் எங்கேயும் இந்த எண் இல்லை. ஜெயித்தவர்களின் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. அதே வழியில் போய்த் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி இல்லை. தோற்றவர்களைப் பற்றிப் பேசாத எந்தச் செல்வப் புத்தகத்தையும் நான் இனி நம்புவதாக இல்லை.

கட்டிய பணத்தில் பெரும்பகுதியை மீட்க அவர்கள் காட்டிய வழி, நான்கு பேரைச் சேர்த்துவிடுவது. ஆளுக்கு 10,000 தருவார்களாம். அந்த நால்வரும் ஆளுக்கு நான்கு பேரைச் சேர்க்க வேண்டும். காகிதத்தில் போட்டுத் தம்பியிடம் காட்டினேன். முதல் வரிசையில் ஒருவர் என்று வைத்து இப்படியே போனால், 12ஆவது வரிசை வரை மொத்தம் 55,92,405 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டமே 46 லட்சம் சொச்சம்தான். அந்த 55 லட்சத்தில் 41,94,304 பேர் கடைசி வரிசையில் நிற்பார்கள், அவர்களுக்குக் கீழே சேர்க்க ஆள் கிடையாது. நான்கில் மூன்று பேருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்பது இந்த அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அவர்கள் எவ்வளவு உழைத்தாலும் சரி. இவ்வகைப் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. தம்பி யாரையும் சேர்க்கவில்லை. யார்டில் அவனோடு வேலை செய்யும் இருவரிடம் பேசத் தொடங்கியிருந்தான், அதோடு நிறுத்திவிட்டான்.

பணம் போனதைவிட என்னை அதிகம் சுட்டது வேறொன்று. ஐந்து புத்தகங்களும் திரும்பத் திரும்பச் சொல்வது, ஏழ்மை என்பது மனநிலை. உன் எண்ணம் சிறியது, அதனால் உன் வருமானம் சிறியது. காலை 5 மணிக்கு எழாதவன் செல்வத்தைக் காண மாட்டான். காசிமேட்டில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடுகிறது. கூடை சுமக்கிற பெண்கள் அந்த நேரத்தில் எழுந்து எத்தனை தலைமுறை ஆகிறது? எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1983இல் அங்கே கன்டெய்னர் முனையம் வந்தது. சரக்கு பெட்டிக்குள் போகப் போக, அதைத் தோளில் சுமந்தவர்களின் வேலை வருடத்துக்கு வருடம் குறைந்தது. அவர் எண்ணத்தைச் சுருக்கிக்கொண்டதால் எங்கள் வீட்டு வருமானம் சுருங்கவில்லை. அப்பாவின் உழைப்பைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை, "அப்பாவுக்கு ஏழையின் மனநிலை அக்கா" என்று என்னிடம் சொன்னான். ஒரு புத்தகம் அதை அவன் வாயில் வைத்தது. அந்த வரியை எழுதியவரை நான் மன்னிப்பதாக இல்லை.

முன்னேற்ற நூல்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாள் செலவை எழுதும் பழக்கத்தையும், அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பதையும் நானே ஒரு மெலிந்த தமிழ்ப் புத்தகத்தில்தான் கற்றேன். அதை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். காசு கொடுப்பதற்கு முன் படித்துப் பார்க்க வழி இருக்கிறது. உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் கன்னிமாராவுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள். நந்தனம் புத்தகக் காட்சியில் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தாலும் யாரும் விரட்டுவதில்லை. விற்பனையில் முதலிடம் என்று அட்டையில் போட்டிருப்பதற்கு மயங்காதீர்கள். இணையக் கடைகளில் சிறு சிறு பிரிவுகளுக்கெல்லாம் தனித்தனிப் பட்டியல் உண்டு, அதில் ஏதோ ஒன்றில் சிறிது நேரம் மேலே வந்தாலும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்க அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். "மேடம், உங்கள் தம்பிக்கு ஜெயிக்கும் வெறி இல்லை, அதற்கு நாங்கள் என்ன செய்வது?" என்றார் மேசையில் இருந்தவர். 50,000 ரூபாய்க்கு மட்டும் ரசீது இருக்கிறது, அதில் "திரும்பத் தரப்படாது" என்று முத்திரை. மற்ற இரண்டு தொகைகளுக்கும் ரசீது கேட்டபோது தரவில்லை. இதைக் கேட்டு யாரும் அடங்கிப் போக வேண்டாம். ரசீது தராமல் இருப்பதும், குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். அந்த நிறுவனம் பதில் தரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் பகுதிக்கு உரிய ஆணையத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இதே போன்ற கூட்டத்தில் பணம் கட்டியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். துண்டுச்சீட்டு, ரசீது, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். புகார் கொடுத்ததும் குழுவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள், அதற்கு முன்பே பிரதி எடுத்துவிடுங்கள். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதி பெற்று ஒரே மனுவாகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தம்பி இருந்த குழுவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் மூவர் இதுவரை எங்களோடு கையெழுத்துப் போட முன்வந்திருக்கிறார்கள்.