நாற்கர மெஷ்: மேப்பிங்கா, பேவிங்கா, முக்கோணங்களை இணைப்பதா?

ஒரு பொருளின் தகைவைக் (பரப்பலகில் தாங்கும் உள்விசை) கணினியில் கணக்கிட, அதைச் சிறு துண்டுகளாக (எலிமெண்ட்) பிரித்த வலைதான் மெஷ். அதை நாற்கரங்களால் நிரப்பும் வழிகளை ஒப்பிட, நடுவில் வட்டத் துளையுள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். சமச்சீர் இருப்பதால் கால்வாசி போதும். அதில் ஐந்து விளிம்புகள்: நான்கு நேர்கோடு, ஒரு வில்.

மேப்பிங்குக்கு (சீரான கட்டவலையை வடிவத்தின் மேல் பொருத்துவது) நான்கு பக்கம்தான் வேண்டும். ஆகவே வில்லின் 45 டிகிரிப் புள்ளியிலிருந்து வெளிமூலைக்குக் கோடு கிழித்து இரண்டாக வெட்ட வேண்டும். எதிரெதிர் பக்கங்களில் பிரிவுகளின் எண்ணிக்கை சமமாக இருப்பது கட்டாயம்: அரை வில்லில் 10 என்றால் எதிர்விளிம்பிலும் 10. ஜிமெஷ் என்ற மெஷ் மென்பொருளில் ட்ரான்ஸ்ஃபினிட் கர்வ் (கோட்டைப் பிரிக்கும் கட்டளை) கேட்பது நோடுகளின், அதாவது முனைப்புள்ளிகளின், எண்ணிக்கை. 10 பிரிவுக்கு 11 என்று கொடுக்கணும். ஆரக்கோடுகளுக்கு 1.15 புரோக்ரெஷன் (அடுத்தடுத்த பிரிவுகளின் நீள விகிதம்) கொடுத்தால் துளையருகே எலிமெண்ட்கள் நெருங்கும். கோட்டின் திசை தலைகீழாக இருந்தால் வெளிவிளிம்பில் போய் நெருங்கிவிடும். அந்தக் கோட்டின் எண்ணுக்கு மைனஸ் போட்டால் சரியாகும். ரீகம்பைன் சர்ஃபேஸ் (முக்கோணங்களை நாற்கரமாக இணைக்கும் கட்டளை) மறந்தால் வருவது முக்கோணம்தான்.

பேவிங் (பிளாக்கரும் ஸ்டீபன்சனும் 1991இல் வெளியிட்டது) விளிம்பிலிருந்து உள்நோக்கி வரிசை வரிசையாக அடுக்கும். வெட்டும் வேலை மிச்சம். விளிம்பில் எலிமெண்ட்கள் அழகாக அமையும். வரிசைகள் உள்ளே மோதும் இடத்தில்தான் கோணல். அளவு வேறுபட்ட வரிசைகள் மோதினால் இன்னும் மோசம். விளிம்பில் மொத்தப் பிரிவுகள் ஒற்றைப்படை என்றால் முழு நாற்கர மெஷ் வரவே வராது. உட்பக்கக் கோடு ஒவ்வொன்றும் இரண்டு எலிமெண்ட்டுக்குப் பொது, எலிமெண்ட்டுக்கு நான்கு பக்கம். கணக்கு இரட்டைப்படையில்தான் முடியும்.

முக்கோணங்களை ஜோடி சேர்ப்பது எந்த வடிவத்துக்கும் ஓடும். ஆனால் இரண்டு சமபக்க முக்கோணம் சேர்ந்தால் கிடைப்பது சதுரமல்ல, 60/120 டிகிரிச் சாய்சதுரம். ஸ்கேல்டு ஜக்கோபியன் (எலிமெண்ட்டின் வடிவத் தரம்; சதுரத்துக்கு 1) 0.866. ஜிமெஷின் 8ஆம் அல்காரிதம் செங்கோண முக்கோணமாகவே அமைக்கப் பார்ப்பதால் ஜோடி சதுரத்தை நெருங்கும். ஜோடி கிடைக்காமல் தனி முக்கோணம் நின்றால் ரீகம்பினேஷன் அல்காரிதத்தை 3 ஆக்குங்கள். அது பெரிய மெஷ்ஷை இணைத்துவிட்டு, பக்கங்களைப் பாதியாக்கி ஒவ்வொன்றையும் சிறு நாற்கரங்களாக உடைக்கும்.

ஒவ்வொரு முக்கோணத்தையும் மூன்று நாற்கரமாக உடைப்பது கடைசி வழி. ஆறு முக்கோணம் கூடும் நோடில் ஆறு எலிமெண்ட், முக்கோண நடுவில் மூன்று. சீரான நோடுக்கு நான்கு. தகைவு வரைபடம் இதில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

எங்கள் கணிப்பில், தகைவு குவியும் துளையைச் சுற்றி மட்டும் கையால் வெட்டி மேப்பிங், மற்ற இடத்துக்கு பேவிங். ஜக்கோபியன் பூஜ்யமோ அதற்குக் கீழோ போன எலிமெண்ட் ஒன்றே ஒன்று இருந்தாலும் சால்வர் (கணக்கைத் தீர்க்கும் நிரல்) பெரும்பாலும் நின்றுவிடும். ஓடவிடுமுன் சராசரியை விட்டுவிட்டு மிகக் குறைந்த மதிப்பைப் பாருங்கள்.