ப்ளே ஸ்கூலுக்கு டயப்பரா, துணி ஜட்டியா?

வேலூர் வெயிலில் இரண்டரை வயதுப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் வரும் முதல் குழப்பம்.

செலவு: டயப்பர் தினம் 2 வாங்க வேண்டியிருக்கும். ஜட்டி துவைத்துப் போடலாம்.

தோல்: டயப்பரை 3 மணி நேரத்துக்கு மேல் விட்டால் வியர்வையும் மூத்திரமும் சேர்ந்து தொடையிடுக்கு சிவந்துவிடலாம். காலையில் டயப்பரில் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். மாலையிலும் அதே கோடு இருந்தால் மாற்றவே இல்லை! பவுடர் அப்பாதீர்கள், மூச்சில் போகும்.

வசதி: ஜட்டி என்றால் ஆயாம்மா ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும், செய்வார்களா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். பையில் 3 மாற்று ஜட்டி, ஈரத்துணிக்குத் தனி கவர்.

அரைநாள் மட்டும் போய், 2 மணி நேரம் நனைக்காமல் இருக்கும் பிள்ளைக்கு ஜட்டி. காட்பாடியிலிருந்து வேனில் வந்து, மதியம் அங்கேயே தூங்கும் பிள்ளைக்கு வேனுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் டயப்பர்.