இணையதளம் வந்து சேர்ந்தது, அஞ்சல் போகவில்லை: ஒரு ஹோஸ்டிங் மாற்றச் சேவையின் மதிப்பீடு

பழைய ஹோஸ்டிங்கிலிருந்து இணையதளத்தையும் மின்னஞ்சலையும் சேர்த்துக் கட்டணமின்றி மாற்றித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு விபிஎஸ் (மெய்நிகர் தனி சர்வர்) நிறுவனத்தின் சேவையை அண்மையில் பயன்படுத்தினேன். இணையதளத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அஞ்சல் பெட்டிகளையும் ஐமேப்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு கோப்புறை வாரியாக நகலெடுத்திருந்தார்கள். பழைய கடிதம் எதுவும் விடுபடவில்லை. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று அவர்கள் அறிவித்த பிறகு, வெளியிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தனவே தவிர, இங்கிருந்து ஒன்றுகூட வெளியே போகவில்லை.

சர்வரில் அஞ்சல் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் லாக் கோப்பிலேயே காரணம் தெரிந்தது: யாருக்கு அனுப்பினாலும் எதிர் சர்வரின் 25ஆம் போர்ட்டை (சர்வர்கள் தமக்குள் அஞ்சலைப் பரிமாறும் இணைப்பு வாயில்) எட்ட முடியாமல் இணைப்பு டைம்அவுட் ஆகிக்கொண்டிருந்தது. ஸ்பேமைத் தடுப்பதற்காகப் பல கிளவுட் நிறுவனங்கள் புதிய கணக்குகளுக்கு வெளிச்செல்லும் 25ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கின்றன. அந்தக் கொள்கையில் தவறில்லை. மின்னஞ்சலையும் மாற்றித் தருகிறோம் என்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு. ஆதரவுப் பிரிவின் முதல் பதிலோ 587ஆம் போர்ட்டை முயன்று பார்க்கச் சொன்னது. அது பயனர் தம் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைப்பதற்கான போர்ட். அங்கிருந்து பெறுநரின் எம்எக்ஸ் சர்வருக்கு, அதாவது அவருடைய டொமைனுக்கான அஞ்சலைப் பெறும் சர்வருக்கு, கொண்டு சேர்ப்பது 25 வழியாகத்தான். ஒரு மெயில் சர்வரை வாடகைக்கு விடும் இடத்தில் இந்த வேறுபாட்டை வாடிக்கையாளர் விளக்க நேர்வது நல்ல அறிகுறி அல்ல. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாட்கள் வரை கடிதங்களை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும் என்பதால், போர்ட் திறக்கப்பட்டதும் தேங்கியவை தாமாகவே புறப்பட்டன.

புறப்பட்டவற்றில் ஜிமெயிலுக்குச் சென்றவை திரும்பி வந்தன. ஐபி முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டும் பிடிஆர் பதிவு இன்னும் நிறுவனத்தின் பொதுப் பெயரையே காட்டிக்கொண்டிருந்தது. டொமைனின் டிஎன்எஸ் (பெயர்ப் பதிவேடு) முழுவதும் நம் கையில் இருந்தாலும், பிடிஆர் பதிவை மாற்றும் அதிகாரம் அந்த ஐபி யாருடையதோ அவர்களிடமே இருக்கிறது. ஆகவே, மாற்றிக் கொடுப்பவர் செய்யாவிட்டால் வேறு எவரும் செய்ய முடியாத பணி இது. டொமைனின் பெயரில் எந்த ஐபிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு பழைய ஐபியை மட்டுமே அனுமதித்தது. கடிதங்களில் டிஜிட்டல் கையொப்பமிடும் டிகேஐஎம் முறையின் தனித் திறவுகோல் அஞ்சல் பெட்டிகளுக்கு வெளியே இருப்பதால் நகலெடுக்கப்படாமல் விடுபட்டிருந்தது. புதிய சர்வர் தானே ஒரு திறவுகோலை உருவாக்கிக் கையொப்பமிட, டிஎன்எஸ்ஸில் இருந்த பழைய பொதுத் திறவுகோலோடு அது பொருந்தவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு அனுப்பும் அனைவரிடமும் சரியான பிடிஆரையும், எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய இரண்டில் ஒன்றையாவது கேட்கிறது. இங்கே மூன்றும் பழுது. கோப்புகளை நகலெடுப்பதோடு மாற்றம் முடிந்துவிடுகிறது என்று கருதும் சேவை மின்னஞ்சலைத் தன் விளம்பரத்தில் சேர்க்கவே கூடாது.

இவற்றைச் சீர்செய்த பிறகும் சில கடிதங்கள் போயின, சில திரும்பின. இந்த இடத்தில்தான் ஆதரவுப் பிரிவின் இரண்டாம் நிலைப் பொறியாளர் ஒருவர் தம் திறமையைக் காட்டினார். திரும்பிய கடிதங்களில் இருந்த ஐபி முகவரியைப் பார்த்தவுடனேயே, சர்வருக்கு ஐபிவி6 (புதிய வகை ஐபி) முகவரியும் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பிடிஆர் இல்லை, போஸ்ட்ஃபிக்ஸ் அவ்வப்போது அதன் வழியாகவும் அனுப்புகிறது என்று கண்டுபிடித்தார். தற்காலிகமாக ஐபிவி4 மட்டும் பயன்படும்படி அமைத்ததும் சிக்கல் நீங்கியது. ஒதுக்கப்பட்ட ஐபி, ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் பட்டியல்களில் இல்லை என்பதையும் அவரே சரிபார்த்துச் சொன்னார்.

சர்வரின் வேகமும் நிலைத்தன்மையும் நன்றாகவே உள்ளன. இணையதளம் மட்டும் நடத்துவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மின்னஞ்சலையும் கொண்டுசெல்ல எண்ணுபவர்கள், 25ஆம் போர்ட் திறக்கப்படுமா, பிடிஆரைத் தாமே கட்டுப்பாட்டுப் பலகத்தில் மாற்றிக்கொள்ள முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெற்ற பின்னரே எம்எக்ஸ் பதிவைப் புதிய சர்வருக்குத் திருப்ப வேண்டும்; அதுவரை பழைய கணக்கை ரத்து செய்யாதிருப்பது நல்லது.