'இமேஜ் அப்லோடு செக்யூரிட்டி' என்று பில் போட்டவரிடம் நான் ஏமாந்தது

போட்டோ பிரேம் கடை வைத்திருக்கிறேன். வெளியூர் ஆர்டரும் வரட்டுமே என்று ஒரு இணையதளம் செய்யச் சொன்னேன். வாடிக்கையாளர் படத்தை ஏற்றினால் பிரேம் போட்டு கூரியரில் அனுப்பிவிடுவோம், அவ்வளவுதான். செய்து கொடுத்தவர் 35,000 ரூபாய் வாங்கினார். அதில் 'இமேஜ் அப்லோடு செக்யூரிட்டி' என்று தனி வரி போட்டு 4,000.

ஏழு மாதம் நன்றாகத்தான் ஓடியது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து (தளம் இருக்கும் சர்வரை வாடகைக்குத் தருபவர்கள்) மெயில்: உங்கள் கணக்கிலிருந்து ஸ்பேம் மெயில் போகிறது, கணக்கை முடக்கிவிட்டோம். தளம் செய்தவருக்கு போன் போட்டால், "சர்வர் மாத்தணும் சார், 8,000 ஆகும்" என்றார்.

நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன் அக்கா மகனிடம் காட்டினேன். படங்கள் சேரும் ஃபோல்டரில், பிஎச்பி என்று முடியும் ஒரு ஃபைல் உட்கார்ந்திருந்தது. அது படமல்ல, சர்வரில் ஓடும் நிரல். "மாமா, இதை பிரௌசரில் திறந்தாலே போதும், உங்க சர்வர் அவன் சொல்றதைக் கேட்கும்" என்றான். அது எப்படி ஏறியது? என் 4,000 ரூபாய் பாதுகாப்பு, ஃபைல் பெயர் ஜேபெக் என்று முடிகிறதா என்று பார்க்கும் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட். அதுவும் ஏற்றுகிறவனின் பிரௌசரில்தான் ஓடும். திருடன் வீட்டுத் திண்ணையில் நம் காவலாளியை உட்கார வைத்த கதை. சர்வர் பக்கம் எந்தச் சோதனையும் இல்லை.

அதைவிட என்னைக் கூசவைத்தது இன்னொன்று. படத்தின் முகவரியில் கடைசியில் இருந்த ஃபைல் பெயரை அழித்துவிட்டுத் திறந்தான். எல்லா வாடிக்கையாளர் படங்களும் வரிசையாக வந்து நின்றன. யாரோ வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் படத்தை இறக்கி விவரம் பார்த்தால், எடுத்த இடம் வரைபடத்தில் தெரு வரை தெரிகிறது. கேமராவில் லொகேஷன் போட்டு எடுத்தால் ஜிபிஎஸ் எண்கள் எக்ஸிஃப் என்ற பகுதியில் படத்தோடேயே போகுமாம். 2012-இல் பெலீஸ் போலீஸுக்குப் பிடிகொடுக்காமல் திரிந்த ஜான் மெக்காஃபி, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்திலிருந்த இந்த எண்களால்தான் குவாத்தமாலாவில் இருப்பது தெரிந்துபோனது. ஆன்டிவைரஸ் விற்றவருக்கே அந்த கதி!

நீங்கள் தளம் செய்யக் கொடுத்திருந்தால், பாக்கிப் பணத்தைத் தருவதற்கு முன் உங்கள் தளத்தில் மூன்றைச் செய்து பாருங்கள். நோட்பேடில் எதையாவது எழுதி, பெயரை மட்டும் ஜேபெக் என்று மாற்றி ஏற்றுங்கள். ஏறினால், உள்ளே இருப்பது படம்தானா என்ற சோதனையே இல்லை. லொகேஷனோடு எடுத்த படத்தை ஏற்றி, தளத்திலிருந்து திரும்ப இறக்கி, இடம் தெரிகிறதா பாருங்கள். அப்புறம் அந்த முகவரி வித்தை.

மருமகன் சரிசெய்தது இப்படி: வரும் படத்தை சர்வர் தானே திறந்து, புதிதாக ஒரு ஜேபெக்காக எழுதிக்கொள்ளும். எக்ஸிஃப் அதிலேயே கழன்றுவிடும், ஒட்டிவரும் குப்பையும் பெரும்பாலும் போய்விடும். பெயரை நாமே வைக்கிறோம். அந்த ஃபோல்டரில் எந்த நிரலும் ஓடாது, பட்டியலும் தெரியாது. எஸ்விஜி என்ற பட வகை வேண்டவே வேண்டாம் என்றான். படம் மாதிரி இருந்தாலும் உள்ளே ஸ்கிரிப்ட் வைக்கலாமாம். ஃபைல் சின்னதாக இருந்து, திறந்தால் சர்வரின் நினைவகத்தையே விழுங்கும் படங்களும் உண்டு என்பதால் நீள அகலத்துக்கும் வரம்பு. ஆர்டர் படம் இனி லாகின் செய்த அந்த வாடிக்கையாளருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு ராத்திரி வேலை.

தீபாவளி ஆர்டர் போனது போனதுதான். வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், நியாயம்தான். 4,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் அவர் போனை எடுப்பதில்லை. ஆனால் அவருடைய தளத்தில் 'எங்கள் படைப்புகள்' பக்கத்தில் இன்றைக்கும் முதலில் நிற்பது என் கடைதான்.