அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாக ஸ்டேட்மென்ட் கொடுத்துப் பார்த்தேன்: நல்லது எது, எரிச்சல் எது

கடன் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், முதலில் கேட்பது ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட். பிடிஎஃப்பை டவுன்லோட் செய்து ஏஜென்டின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவோம், பின்னாலேயே அதன் பாஸ்வேர்டையும் டைப் செய்து அனுப்புவோம். அது அப்புறம் எத்தனை போன்களில் சுற்றுகிறது என்று யாருக்குத் தெரியும்? இதைவிட மோசம், நெட்பேங்கிங் பாஸ்வேர்டையே வாங்கிக்கொண்டு நம் கணக்குக்குள் நுழைந்து ஸ்டேட்மென்ட்டை உருவும் ஆப்கள். இந்தக் கூத்துக்கெல்லாம் மாற்றாக ரிசர்வ் வங்கி 2016இல் விதிமுறை போட்டு, 2021 செப்டம்பரில் பெரிய வங்கிகள் சில சேர்ந்து நடைமுறைக்கு வந்ததுதான் அக்கவுண்ட் அக்ரிகேட்டர்: நம் சம்மதத்தோடு ஸ்டேட்மென்ட்டை வங்கியிலிருந்து கடன் கொடுப்பவருக்குக் கொண்டுபோகும் இடைத்தரகர். ஃபின்வு, ஒன்மணி, அனுமதி, கேம்ஸ்ஃபின்சர்வ் என்று லைசென்ஸ் வாங்கிய நிறுவனங்கள் பல இருக்கின்றன. எனக்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

இணைப்பது எளிது. மொபைல் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், அந்த எண்ணில் உள்ள கணக்குகளை வங்கியே தேடி, கடைசி நான்கு இலக்கங்களோடு காட்டும். நாம் டிக் செய்ததும் வங்கியிடமிருந்து தனியாக இன்னொரு ஓடிபி வரும். பாஸ்வேர்டு, பின் எதையும் அக்ரிகேட்டர் கேட்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, ஆகவே அப்படிக் கேட்கும் திரை எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள். ஒரு தொல்லை: வங்கியில் பழைய நம்பர் இருந்தால் கணக்கு தேடலில் வராது, அதற்கு முதலில் பிராஞ்சுக்குப் போய் நம்பரை மாற்ற வேண்டும். எங்கள் ஜாயிண்ட் அக்கவுண்ட்டும் பட்டியலில் வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது உள்ளே நடக்கும் வேலை. வங்கியின் சர்வர் ஒரு பக்கம், கடன் கொடுப்பவரின் சர்வர் மறுபக்கம், இரண்டும் ஒன்றையொன்று நேரடியாக நம்ப வேண்டியதில்லை. நாம் கொடுக்கும் சம்மதத்தை அக்ரிகேட்டர் டிஜிட்டல் கையெழுத்தோடு ஒரு ஆவணமாக்கி வைக்கிறது, டேட்டா கேட்டு வரும்போது வங்கி அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும். ஜனவரி முதல் ஜூன் வரை என்று சம்மதம் இருந்தால் ஜூலை ஸ்டேட்மென்ட் கிடைக்காது. டேட்டா வங்கியிலேயே என்கிரிப்ட் ஆகி, கேட்டவரிடம் போய்த்தான் திறக்கும். நடுவில் இருக்கும் அக்ரிகேட்டர் ஒட்டிய கவரைக் கொண்டுபோகும் தபால்காரர் மாதிரி, உள்ளே இருப்பதைப் படிக்க அதனிடம் சாவியே கிடையாது. வாங்கிக்கொள்பவரும் ரிசர்வ் வங்கி, செபி (பங்குச் சந்தை), ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ்), பிஎஃப்ஆர்டிஏ (பென்ஷன்) என்ற கட்டுப்பாட்டு அமைப்புகளில் ஏதாவது ஒன்றின் கீழ் பதிவானவராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் பிடிஎஃப்போடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சிக்கல் சம்மதத் திரையில் இருக்கிறது. எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எது வரை, ஒரு தடவையா அடிக்கடியா, சம்மதம் எப்போது முடியும், எடுத்த டேட்டாவை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று எல்லாமே அந்த ஆவணத்தில் உண்டு. ஆனால் நான் பார்த்த திரையில் பெரிய 'அனுமதி' பட்டன் மட்டும் பளிச்சென்று இருக்க, மற்றதெல்லாம் ஒரு சின்ன அம்புக்குறிக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. விரித்துப் பார்த்தால் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கும் ஒரு ஆப் (பேர் வேண்டாம்) தினமும் டேட்டா எடுக்க ஒரு வருடத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறது! கார்டு கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு தடவை பார்த்தால் போதாதா? கால அளவைக் குறைக்க வழியே இல்லை, ஒன்று அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லை வெளியே வர வேண்டும். நான் நிராகரித்துவிட்டேன், கஸ்டமர் கேரில் கேட்டதற்கு "சிஸ்டம் அப்படித்தான் சார்" என்றார்கள். சிஸ்டம் அப்படி இல்லை என்பதே என் வாதம். ஒரே தடவை எடுக்கும் வகைச் சம்மதமும் அதே விதிமுறையில் இருக்கிறது, அந்த ஆப் அதைக் கேட்க மனம் வைக்கவில்லை.

சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், அக்ரிகேட்டர் ஆப்பில் கன்சென்ட் பட்டியலுக்குள் போனால் பட்டன் இருக்கும். ஆனால் ரத்து செய்தால் நிற்பது இனிமேல் போகும் டேட்டா மட்டும், ஏற்கெனவே போனதைத் திரும்ப இழுக்க முடியாது. அதை அழிப்பது வாங்கியவரின் பொறுப்பு, அவர் அழித்தாரா என்று பார்க்க நமக்கு ஜன்னல் எதுவும் இல்லை. அதனால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிட்டு அமுக்குங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. சம்மதத் திரைக்கு ஒரு மார்க் போனது, மீதி அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், எந்த அக்ரிகேட்டர் என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கடன் ஆப், நாம் இல்லை. ஒருவர் ஃபின்வுவைத் திறப்பார், இன்னொருவர் ஒன்மணியைத் திறப்பார், ஒன்றில் கொடுத்த சம்மதம் மற்றதில் தெரியாது. யாருக்கு என்ன திறந்து விட்டிருக்கிறோம் என்று பார்க்க ஒவ்வொன்றிலும் தனித்தனியாக லாகின் செய்து தேட வேண்டும்.