கேட்பாரற்ற வழுக்கள்: கோட்ட்ரியாஜும் கிட்ஹப் தேடலும்

திறமூல மென்பொருள்களில் பதிவாகியும் பதிலின்றிக் கிடக்கும் வழு (பிழை) அறிக்கைகளைத் தேடுவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. கோட்ட்ரியாஜ் (CodeTriage) தளத்தில், இத்தகைய மென்பொருள்களின் நிரலும் வழு அறிக்கைகளும் வைக்கப்படும் கிட்ஹப் (GitHub) தளத்தின் கணக்கு வழியே நுழைந்து விரும்பிய திட்டங்களைத் தேர்ந்துவிட்டால், முடிக்கப்படாத அறிக்கைகள் மின்னஞ்சலில் வந்து சேரும். தேடும் வேலை நமக்கில்லை. ஆனால் வருவது உண்மையிலேயே கைவிடப்பட்ட வழுதான் என்பதற்கு உறுதியும் இல்லை.

கிட்ஹப்பின் சொந்தத் தேடலிலோ, பொறுப்பாளர் எவருமில்லாத, ஒரு கருத்துரைகூடப் பெறாத அறிக்கைகளை மட்டும் வடிகட்டி, நெடுநாள் தொடப்படாதவை முதலில் வருமாறு அடுக்கலாம். இவ்வளவு துல்லியமான கருவியையும் ஏமாற்றிவிடுவது போட்கள் (bots) எனப்படும் தானியங்கி நிரல்கள்தாம் (நல்லெண்ணத்தில் வைக்கப்பட்டவையே): அசைவற்ற அறிக்கையில் அவை ஓர் எச்சரிக்கைக் குறிப்பை இட்டதுமே கருத்துரை எண்ணிக்கை ஒன்றாகி, புதுப்பித்த தேதியும் மாறிவிடுவதால், மனிதர் எவரும் படித்திராத அறிக்கை வடிகட்டியிலிருந்து நழுவிவிடுகிறது. சில திட்டங்களில் அதே போட் பின்னர் அறிக்கையை மூடியும் விடுகிறது; எனவே மூடப்பட்டவற்றையும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

ஒரு மென்பொருளை ஏற்கெனவே நன்கறிந்தவருக்குத் தேடலையே பரிந்துரைப்பேன். தினமும் சிறிது நேரம் ஒதுக்கி, பழைய வழு புதிய பதிப்பிலும் நிகழ்கிறதா என்று சோதித்து எழுத விரும்புபவருக்குக் கோட்ட்ரியாஜ் போதும்.