பின்னாமல் கடத்தும் கண்ணிகள்: ஒரு காணொளி வகுப்பும் அதன் கையேடும்

ஊசிகளால் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னும் கலையின் அடிப்படைக் கண்ணிகளான நிட், பர்ல் இரண்டும் கைக்குப் பழகிய பிறகு மேடுபள்ளமான பின்னல்களில் இறங்க நினைப்பவர்களுக்கென்று தயாரிக்கப்பட்ட ஒரு காணொளி வகுப்பையும் அதனுடன் வரும் கையேட்டையும் இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கண்ணியைப் பின்னாமல் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு அப்படியே கடத்தும் ‘ஸ்லிப்’ முறையைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை. காணொளி அதை நன்றாகவே கற்பிக்கிறது. கையேடுதான் காலை வாருகிறது.

முதல் பாடம் ஊசியை நுழைக்கும் திசையைப் பற்றியது. பர்ல் போடுவதுபோல் நுழைத்துக் கடத்தினால் கண்ணியின் வலது கால், அதாவது ஊசிமேல் அமரும் வளையத்தின் வலப்பாதி, முன்னாலேயே நிற்கும். நிட் போடுவதுபோல் நுழைத்தால் கண்ணி திரும்பிக்கொண்டு இடது கால் முன்னால் வந்துவிடும். குறிப்பில் எதுவும் சொல்லப்படாவிட்டால் பர்ல் திசையையே கொள்ள வேண்டும் என்றும், கண்ணிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்போது இடப்பக்கம் சாயும் குறைப்புகளில்தான் நிட் திசை தேவைப்படும் என்றும் ஆசிரியை தடித்த நூலில் மெதுவாகச் செய்து காட்டுகிறார். சில கண்ணிகள் ஏன் முறுக்கிக்கொள்கின்றன என்று தெரியாமல் பல ஆண்டுகள் நூலைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

வகுப்பின் உயிர் இரண்டாம் பாடத்தில் இருக்கிறது. கண்ணியைக் கடத்தும்போது நூல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு சிறு கிடைக்கோடு விழும். லினன் ஸ்டிச் எனப்படும், நெய்த துணிபோல் தோன்றும் பின்னல் முழுவதும் இந்தக் கோடுகளால் ஆனதுதான். ஆனால் ‘முன்’, ‘பின்’ என்ற சொற்கள் துணியில் வெளியே தெரியும் நேர்ப்பக்கத்தைக் குறிப்பதில்லை, பின்னுபவர் அந்த நேரத்தில் பார்க்கும் பக்கத்தையே குறிக்கின்றன. ஆகவே திரும்பி வரும் வரிசையில் கோடு நேர்ப்பக்கத்தில் விழ வேண்டுமானால் நூலைப் பின்னால் வைத்துக் கடத்த வேண்டும். காணொளியில் இது தெளிவாக வருகிறது. கையேட்டிலோ இரண்டு வரிசைகளுக்கும் ‘நூல் முன்னால்’ என்றே அச்சாகியிருக்கிறது. கையேட்டை நம்பி 41 கண்ணிகள் ஏற்றி நான் போட்ட மாதிரித் துண்டில், ஒரு வரிசைவிட்டு ஒரு வரிசையில்தான் கோடுகள் தெரிந்தன. துண்டைத் திருப்பிப் பார்த்தபோது காணாமற்போன கோடுகள் எல்லாம் மறுபக்கத்தில் ஒழுங்காக அணிவகுத்திருந்தன.

பட்டாம்பூச்சிப் பின்னலுக்கான பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று நேர்ப்பக்க வரிசைகளில் அதே ஐந்து கண்ணிகளை நூல் முன்னால் இருக்கக் கடத்தி, அடுத்த நேர்ப்பக்க வரிசையில் அக்கண்ணிகளின் முன்னால் விழுந்த மூன்று இழைகளையும் ஊசியால் சேர்த்துத் தூக்கி, நடுக்கண்ணியுடன் ஒன்றாகப் பின்ன வேண்டும். இழை இறுகிவிட்டால் சிறகு விரியாது, துணிதான் சுருங்கும். கடத்திய ஐந்து கண்ணிகளையும் வலது ஊசியில் நன்றாகப் பரப்பிவிட்டு அதன் பிறகே அடுத்த கண்ணியைப் பின்னச் சொல்லும் ஆசிரியையின் யோசனை, எழுத்தில் படித்தால் எளிதில் தவறிப்போகக்கூடியது; கையைப் பார்த்தால்தான் பதிகிறது.

அமெரிக்கப் பின்னல் நூலாசிரியர் பார்பரா வாக்கர் பெயர் சூட்டிய, இரு நிறங்களை மாற்றி மாற்றிப் பின்னும் மொசைக் பின்னலும், காலுறைக் குதிகாலுக்கு வலுவூட்டும் பின்னலும் ஒரே பாடத்தில் அவசரமாக முடிந்துவிடுகின்றன. ஒரு நிறத்தில் இரண்டு வரிசைகள், கடத்தும்போது நூல் எப்போதும் நேர்ப்பக்கத்துக்கு மறுபக்கத்தில் என்ற விதி தெரிந்தவர்களுக்கு அது போதும்.

அளவைப் பற்றிய பகுதியைத்தான் மன்னிக்க முடியவில்லை. கடத்திய கண்ணி குறைந்தது இரண்டு வரிசை உயரத்துக்கு இழுபடுவதால் துணி நெருங்கி, உயரம் குறைகிறது. என் துண்டில் 40 வரிசைகள் போட்டும், சாதாரணப் பின்னலில் 28 வரிசைகள் தரும் உயரமே கிடைத்தது. வழக்கமாக 4 மி.மீ. ஊசியில் பின்னும் நூலுக்கு ஆசிரியை 5 மி.மீ. ஊசியை எடுப்பது திரையில் தெரிகிறது. ஏன் என்று ஒரு சொல்லும் இல்லை. இந்தக் கையேட்டின் நூல் கணக்கை அப்படியே நம்பி யாராவது ஒரு ஸ்வெட்டரைத் தொடங்கினால் பாதி முதுகிலேயே நூல் தீர்ந்துவிடும்.

அச்சுப் பிழையைத் தெரிவித்து எழுதினேன். திருத்திய பக்கம் அனுப்புவதாகப் பதில் வந்தது, பக்கம் இன்னும் வரவில்லை. அதுவரை இந்த வகுப்பை வாங்குபவர்கள், லினன் ஸ்டிச்சின் இரண்டாம் வரிசையில் ‘முன்னால்’ என்பதை அடித்துவிட்டுப் பென்சிலால் ‘பின்னால்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.